மாவுக்கட்டு அம்மன்

நான் லோரியில் நின்றுகொண்டே தோட்டத்துக்குள் வந்த அன்று மழை விட்டது. சரியாகச் சொன்னால், கூப்பிடு தூரத்தில் இருந்த பாலத்தை லோரி தாண்டும்போதே விட்டுவிட்டது. விட்டதால்தான் அம்மா என் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை எடுத்துச் சுருட்டினாள். ஆனால் அரிசி வாங்க ஸ்டோர் வாசலில் ஒண்டி நின்றிருந்த சனங்கள் பார்த்த வரிசை வேறு. முதலில் தார்ப்பாய் விலகியது, பிறகு என் கை தெரிந்தது, பிறகு வானம் வெளுத்தது. பதினோரு நாளாக விடாமல் பெய்த மழை அது. ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. அப்படிப்பட்ட மழை ஒரு பத்து வயதுப் பெண் கையைக் காட்டியதும் நின்றால் யாருக்குத்தான் வேறு மாதிரித் தோன்றாது? லோரியின் மேல் நின்றிருந்த எனக்கே ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது.

என் கை இருந்த கோலமும் அப்படி. இடுப்பிலிருந்து கழுத்து வரை வெள்ளை மாவுக்கட்டு. வலது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மேல்நோக்கி மடக்கி, உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி திருப்பி, அப்படியே மாவு பூசி இறுக்கியிருந்தார்கள். விரல்கள் மட்டும் வெளியே இருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் டிரைவருக்குப் பக்கத்தில் என்னை நுழைத்துப் பார்த்தார்கள். நான் நுழைந்தேன், கை நுழையவில்லை. அதனால் பின்னால் ஏற்றி நிறுத்தினார்கள். எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாரியாத்தா ஒரு கையைத் தூக்கி, பயப்படாதே என்று காட்டிக்கொண்டு இருப்பாள் அல்லவா, அச்சாக அதே கோலத்தில் தேரில் வருவதுபோல லோரியில் வந்தேன். கங்காணி அப்புசாமி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். துரை வந்தால் மட்டுமே அவிழும் தலைப்பாகை அது. எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்து சேற்றில் விழுந்து கும்பிட்டது முனியாயி பெரியம்மா.

"ஆத்தா! வந்துட்டியா ஆத்தா!"

என் இடுப்பைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. என்னைப் பெற்ற நாளிலிருந்து அம்மா முனியாயியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

முனியாயி பெரியம்மா எங்களுக்குச் சொந்தம் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் மூன்று வீடு தள்ளி இருந்தவள். காலையில் பால் வெட்டுவாள், யாருக்காவது வலி கண்டால் பிரசவம் பார்ப்பாள். நாகப்பட்டணத்திலிருந்து வந்த கப்பலிலேயே ஒரு பிரசவம் பார்த்தவள் என்று அவளுக்குப் பேர் இருந்தது. நான் பிறந்தபோது தலை வெளியே வந்துவிட்டது, தோள் உள்ளே சிக்கிக்கொண்டது. அவள் இழுத்தாள். நான் வந்துவிட்டேன். வலது கை மட்டும் எனக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தொங்கியது. 'முனியாயி இழுத்த கை' என்றுதான் தோட்டத்தில் அதற்குப் பெயர். அதற்குப் பிறகு அவள் எந்தப் பிரசவத்துக்கும் போகவில்லை. யார் வந்து கெஞ்சினாலும், "என் கை ஆவாது தாயி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கை முழுக்கச் செத்துவிடவில்லை. விரல்கள் ஆடும், பிடிக்கும், கிள்ளும். தோள்தான் எழும்பாது. வளர வளர அது உள்பக்கமாகத் திரும்பி, மடியில் எதையோ ஒளித்து வைத்திருப்பவள் கைபோல வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனால் முழங்கை நாயனக்காரருடையது மாதிரி வெளியே தூக்கிக்கொள்ளும். பிள்ளைகள் என்னைப் பார்த்து 'பீப்பீ' என்று ஊதிக் காட்டுவார்கள். இடது கையால் சாப்பிட்டால் அம்மா அடிப்பாள். எனக்கு இருந்தது ஒரே ஆசை. லயத்துக்குப் பின்னாலிருந்த ரம்புத்தான் மரத்தின் தாழ்ந்த கிளையில் மற்றப் பிள்ளைகளைப்போல இரண்டு கையாலும் தொங்கவேண்டும். பெரியவர்களுக்கு வேறு கவலை. கை எழும்பாதவள் பால் வெட்ட முடியாது, பால் வெட்டத் தெரியாதவளை இங்கே எவன் கட்டிக்கொள்வான்?

தோட்டத்து டிரெசர் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கொடுப்பவர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சொட்டுச் சேறு பட்டால் அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு இராது. அவர்தான் முப்பத்தாறாம் வருடம் தை மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருக்கிறார், பிள்ளையைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதினேன், கூட்டி வரச் சொல்கிறார் என்றார். அப்பா வீரமுத்து பயந்துவிட்டார்.

"கையவா வெட்டப் போறாங்க?"

"கையை இல்லை வீரமுத்து. இஞ்ச பாருங்கோ. கழுத்தில இருந்து தோளுக்கு வாற நரம்பு பிறக்கேக்க இழுபட்டுப் போச்சு. அதால கொஞ்சத் தசை நித்திரை. மற்றத் தசை இறுகிப்போய்க் கையை உள்ளுக்கு இழுத்து வைச்சிருக்குது. அந்த இறுகின நாரை வெட்டித் தளர்த்தி, கையை வெளிய திருப்பிக் கட்டுவினம். பிறகு பழக்கிப் பழக்கி மேல தூக்க வைக்கலாம். நிச்சயம் எண்டு நான் சொல்ல மாட்டன்."

நிச்சயம் என்று அவர் சொல்லியிருந்தால் அப்பா அனுப்பியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு நல்லது எங்களுக்கு நடக்கும் என்று அவர் நம்பமாட்டார்.

ஆஸ்பத்திரியில் மூக்கின் மேல் ஒரு துணியை வைத்து ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினேன். எட்டாவதாக என் கை என்னைவிட்டு எழுந்து நடந்துபோனது. விடிகாலைப் பனியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரமாக நின்று, பால் வடியும் மங்குக்குள் எட்டிப் பார்த்தது. மரத்தை லேசாகத் தட்டியது. நான் கூப்பிட்டேன். அது நின்றது, ஆனால் திரும்பிப் பார்க்க அதற்கு முகம் இல்லை. பிறகு ஒரு மரத்தில் ஏறத் தொடங்கியது. இலைகள் எல்லாம் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன, உதிர்ந்தவை தரைக்கு வந்து சேரவே இல்லை. எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. கண் விழித்தபோது கடற்காற்றில் ஜன்னல் துணி ஆடிக்கொண்டிருந்தது. செசிலியா நர்ஸ் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கை எங்க?"

"இருக்குது பிள்ளை. இந்தக் கட்டுக்குள்ள நித்திரை கொள்ளுது." பிறகு அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள். "ஆறு கிழமை இப்பிடி இருக்கோணும். ஆறாவது கிழமை முடிய உடனே கொண்டு வாங்கோ. அவிழ்த்த கையோட பழக்கத் தொடங்கோணும். பிந்தினா மூட்டு இறுகிப் போயிடும், விளங்குதோ?"

அம்மா விளங்கியது என்று தலையாட்டினாள். இரண்டு வாரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு, லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். மிச்சம் நாலு வாரம்.

அந்த நாலு வாரமும் நான் அம்மனாக இருந்தேன். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. முதல்நாள் யாரோ வாசலில் வேப்பிலை செருகினார்கள். மறுநாள் என் விரல்களுக்கு மஞ்சள் பூசினார்கள். மூன்றாம்நாள் வேலை முடிந்து வந்த பெண்கள் குளித்துவிட்டு ஈரப்புடைவையோடு வரிசையில் நின்றார்கள். சட்டியில் சாம்பிராணி புகைந்துகொண்டே இருக்கும். வாசலுக்கு வெளியே ரப்பர் மரங்களின் நிழல், உள்ளே புகை, நடுவே பலகையில் சாய்ந்துகொண்டு நான். எது பகல், எது தூக்கம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒருத்தி குனிந்து என் விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு புருசன் திருந்தவேண்டும் என்பாள். இன்னொருத்தி ஊரில் விட்டுவந்த பிள்ளையின் பேரைச் சொல்லி அழுவாள். நேற்று வரை என்னைப் பார்த்து 'ஊதுடி நாயனம்' என்ற கிழவர் சாமிக்கண்ணு, நாற்பது வருடத்துக்கு முன்னால் கப்பலேறும்போது பெற்றவளிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததை என் உள்ளங்கையில் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தின் ரகசியமெல்லாம் சூடான மூச்சாக என் விரல்களில் பட்டது. எனக்கு அந்த வயதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மழை வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒருநாள் பெய்திருந்தால்கூட நான் பழைய சுப்பம்மாவாக ஆகியிருப்பேன்.

பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடித்திருந்தது. யாரும் ஊதிக் காட்டவில்லை. வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் வந்தபடி இருந்தன. ஒரே ஒரு தொல்லை, பொங்கல் பிசுக்குக்கு எறும்பு வந்தது. விரல் வழியாக ஏறி மாவுக்கட்டுக்குள் போய்க் குடியிருந்தது. சனங்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது உள்ளே அவை கடிக்கும். நான் கண்ணை உருட்டுவேன், பல்லைக் கடிப்பேன், உடம்பு நடுங்கும். "பாரு, ஆத்தா எறங்குறா" என்று குலவை போடுவார்கள்.

தினமும் முதலில் வந்து கடைசியில் போவது முனியாயி பெரியம்மாதான். உள்ளே வரமாட்டாள். வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஓயாமல் பேசுவாள். "நான் அப்பவே சொல்லல? என் கையில என்னா இருக்கு? ஆத்தா இந்தப் புள்ளைய அடையாளம் வெச்சு அனுப்பியிருக்கா. அவதான் புடிச்சு இழுத்திருக்கா." பத்து வருடமாகக் குனிந்தே நடந்தவள் அந்த நாட்களில் நிமிர்ந்து நடந்தாள். அவளைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அம்மா அவளை விரட்டவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. அம்மாவுக்கும் அந்த நாட்கள் புதிதுதான். கை விளங்காத பிள்ளையைப் பெற்றவள் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள் குழாயடியில் அவளுக்கு முதலில் இடம்விட்டார்கள். ஒரு மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து, அம்மாவும் வந்து என் விரல்களில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். "நான் யாருட்டயும் சொல்லல ஆத்தா. என்ன மன்னிச்சிரு" என்றாள். விரல்கள் நனைந்தன. நான் கண்ணைத் திறக்கவில்லை.

ஆறாவது வாரம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது டிரெசர் வந்தார். வாசலில் இருந்த செருப்புகளையும் வேப்பிலையையும் பார்த்தார். குடையை மடக்காமலே நின்றார்.

"திங்கக்கிழமை கொண்டுபோகோணும். மறக்க வேண்டாம்."

கங்காணி அப்புசாமி அவசரமாக வந்தார். "டிரெசரய்யா, பன்னெண்டு நாளுதான் இருக்கு சித்திரத் திருவிழாவுக்கு. தேருல ஆத்தா பக்கத்துல புள்ளைய ஒக்கார வெச்சு ஒரு சுத்து. அப்புறம் அவுத்துக்கலாம்."

"அதுக்குப் பிறகு கோயில்லயே வைச்சிடுங்கோ. கை அப்பிடியே நிண்டிடும். டாக்டர் வெள்ளிக்கிழமை கப்பலேறிச் சீமைக்குப் போறார், ஆறு மாசம் லீவு. இதை அவிழ்த்துப் பார்த்து, எப்பிடிப் பழக்கிறது எண்டு சொல்ல இஞ்ச வேற ஆள் இல்லை. பிள்ளைக்குப் பத்து வயசு. எழுவது வயசு வரைக்கும் இந்தக் கையோடதான் இருக்கப்போகுது."

அவர் சொன்னது எனக்கு அப்படியே உறைத்தது. எழுபது வயதில், கையைத் தூக்கிக்கொண்டு, விரலில் மஞ்சளோடு. பொங்கலும் பழமும் கொண்டுவருகிறவர்கள் அதுவரை இருப்பார்களா? கிளையில் தொங்க இந்தக் கை ஆகாது. சோறு தின்னவும் ஆகாது.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாம எடுத்துட்டு, மறுநா மழ வந்துச்சுன்னா என்னா செய்யிறது? லயமே நம்ம மேல பாயும்." அவர் சொன்னதிலும் தப்பில்லை. கடைசியில் கங்காணிதான் வழி சொன்னார். யார் மனசும் நோகாத வழி.

"ஆத்தாளையே கேட்டுருவோம். நாளைக்கி ஞாயித்துக்கெழம. கோயில் வாசல்ல வெச்சுக் குறி கேப்போம். அவுருன்னு ஆத்தா வாக்குக் குடுத்தா அவுப்போம். வேணான்னா வேணாம். சரிதானே?"

எல்லாரும் சரி என்றார்கள். டிரெசர் மட்டும் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கேட்கப்போவது என்னைத்தானே? அன்று முழுக்க நான் அதைச் சொல்லிப் பழகினேன். "அவுருங்கடா கட்ட!" ஆத்தாளின் குரல் கனமாக இருக்கவேண்டும், கடைசி எழுத்தை இழுக்கவேண்டும். சுவரைப் பார்த்து நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.

ஞாயிறு மத்தியானம் கோயில் வாசலில் மணையில் என்னை நிறுத்தினார்கள். பம்பை அடித்தார்கள். கற்பூரத்தின் சூடு முகத்தில் பட்டது. ரப்பர் மரங்களின் மேல் வெயில் வெள்ளையாக நின்றது. முகங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல அசைந்தன. கங்காணி கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார், தொண்டையைச் செருமினார். நான் மூச்சை இழுத்துத் தயாராக இருந்தேன்.

அவரை விலக்கிக்கொண்டு முனியாயி பெரியம்மா வந்துவிட்டாள்.

"ஆத்தா, எனக்கு ஒன்னு கேக்கணும். பத்து வருசமா நெஞ்சுல வெச்சிருக்கேன்." "அன்னிக்கி இந்தப் புள்ள கையப் புடிச்சு இழுத்தது நானா, நீயா? நீதான்னு ஒரு வார்த்த சொல்லிரு. எனக்கு அது போதும்."

பம்பை நின்றது. அவள் என்னையே பார்த்தாள். அவ்வளவு ஆசையோடு என்னை அதுவரை யாரும் பார்த்ததில்லை. 'நான்தாண்டி' என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் கை ஆத்தாளுடையது ஆகிவிடும். ஆத்தா பிடித்து இழுத்து அடையாளம் வைத்த கையை, அதற்கப்புறம் நானே அவிழ்க்கச் சொன்னாலும் அவிழ்ப்பார்களா? கட்டுக்குள் எறும்பு கடித்தது. பழகி வைத்திருந்த வாக்கு எல்லாம் எங்கோ போய்விட்டது.

"நீதான் பெரியம்மா," என்றேன். "நீதான் இழுத்தே. எனக்கு உள்ள ரொம்ப அரிக்குது பெரியம்மா. என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. ஆத்தா யாரையும் பெரியம்மா என்று கூப்பிடமாட்டாள். உலகத்துக்கே மூத்தவளுக்குப் பெரியம்மா ஏது? கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணி மெதுவாகத் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார். பம்பைக்காரர் பம்பையை உறையில் போட்டார். சனங்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. தங்கள் ரகசியத்தை யாரிடம் சொல்லித் தொலைத்தோம் என்று நினைத்தார்களோ என்னவோ, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

முனியாயி பெரியம்மா இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மணையை விட்டு இறங்க முடியாமல் நின்றேன். அவளுக்கு எவ்வளவு பெரிய கெடுதல் செய்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

அப்போது அம்மா வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா இழுக்கமாட்டேன்னுதான் சொல்லிச்சு," என்று அம்மா என்னிடம் சொன்னாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பொறு தாயி, திருப்பிப் பாக்குறேன்னு சொல்லிச்சு. நான்தான் அக்கா மணிக்கட்டப் புடிச்சிக்கிட்டு விடல. இழு, புள்ள செத்தாலும் பரவால்ல, என்னக் காப்பாத்துன்னு கத்துனேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அன்றைக்குப் பதினெட்டு வயது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

"இத எதுக்கு இப்ப புள்ள காதுல போடுற?" என்றாள் முனியாயி பெரியம்மா.

"பத்து வருசமா நீ ஏன்க்கா யாருட்டயும் சொல்லல?"

"வலியில எல்லாளும் அதத்தான் கத்துவாளுங்க. எத்தன பேருக்குப் பாத்திருக்கேன். அதெல்லாம் வெளிய சொல்லுற பேச்சா?"

அவள் எழுந்தாள். மணையிலிருந்து என்னை அலாக்காகத் தூக்கி இறக்கினாள். மாவுக்கட்டோடு நான் நல்ல கனம் இருந்தேன்.

திங்கட்கிழமை அம்மாவும் முனியாயி பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டு லோரியின் பின்னால் ஏறி வந்தார்கள். மெர்லிமாவ் ஊரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குள் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டோம்.

டாக்டர் பெரிய கத்தரியால் கட்டைப் பிளந்தார். உள்ளேயிருந்து செத்த எறும்புகளும் தோல் உரிந்த பொருக்கும் கொட்டின. செசிலியா நர்ஸ் என் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். தோளுக்கு முன்னால் ஒரு நீளமான தழும்பு. கை வெளுத்து, வற்றி, வேறு யாருடையதோபோல இருந்தது. தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன், தூக்கினதாகத்தான் நினைத்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி தூக்கச் சொன்னார்கள். ஒரு விரல்கடை எழுந்து விழுந்தது. டாக்டர் தலையை ஆட்டி நர்ஸிடம் ஏதோ சொன்னார்.

"நல்லா இருக்குதாம். கை வெளிப்பக்கம் திரும்பிட்டுது, பாருங்கோ. இனி உங்கட கையிலதான் இருக்குது. ஒவ்வொரு நாளும் மேல மேல தூக்கப் பழக்கோணும். தலை வாரப் பழக்கினா நல்லது. தன்ர தலைக்கு இப்ப ஏலாது. முதல் வேற ஆரின்ர தலையையாவது வாரட்டும்."

தோட்டத்துக்குத் திரும்பியபோதும் மழை பெய்துகொண்டிருந்தது. அது திருவிழா வரைக்கும் பெய்தது. தேர் சேற்றில் புதைந்து பாதி வழியில் நின்றது. அதற்கு யார் காரணம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குழாயடியில் அம்மா மறுபடி கடைசியில் நின்றாள். பிள்ளைகள் ஊதிக் காட்டவில்லை, அதைவிட மோசமாக, என்னைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். மழை சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். தூக்கியபடி இருந்த கையைக் கொடுத்துவிட்டுத் தொங்குகிற கையை வாங்கிக்கொண்டோமே என்று வருத்தமாக இருக்கும்.

ஆனால் தினமும் வேலை முடிந்து, வெட்டிய பாலைக் கொண்டுபோய் ஊற்றி, குளித்துவிட்டு, நாலு மணிக்கு முனியாயி பெரியம்மா வந்துவிடுவாள். இப்போது வாசலில் நிற்பதில்லை, நேராக உள்ளே வருவாள். எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிடுவாள். இடுப்பு வரை தொங்கும் நரைமுடி, ரப்பர் பால் வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும் கலந்து வரும். அம்மா மரச்சீப்பை என் வலது கையில் வைத்து விரல்களை மூடுவாள். நான் பின்னால் நின்று வாரவேண்டும். முதல் வாரம் அவள் முதுகில் தொங்கிய முடியைத்தான் என்னால் எட்ட முடிந்தது. தோளில் தீப்பிடித்ததுபோல எரியும். சீப்பை வீசிவிட்டு அழுவேன். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், சமாதானமும் சொல்லமாட்டாள். சீப்பை எடுத்துப் பின்பக்கமாக நீட்டுவாள்.

என் கை அவள் உச்சியை எட்டியதும் தரையை விட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். இருபது நாள் கழித்துப் பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பிறகு மண்ணெண்ணெய்த் தகரம். ஆடி மாதத்தில் அப்பா ஸ்டோரிலிருந்து ஒரு பழைய பெஞ்சைத் தூக்கிவந்து போட்டார், எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை அவள் உயரும்போதும் எனக்கு அவள் மேல் கோபம் வரும். இப்போதுதானே எட்டினேன், அதற்குள் ஏன் இன்னும் மேலே போகிறாள்? கோபத்தோடு வாருவேன், முடி சிக்கும், வெடுக்கென்று இழுப்பேன். அவளுக்கு வலித்திருக்கும். ஒருநாளும் 'ஆ' என்று சொன்னதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாதம் ஆன பிறகு, ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். காலையில் பெய்து ஓய்ந்திருந்தது, மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. கொண்டையை அவிழ்த்தாள். பெஞ்சைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினாள். எனக்கு முதுகைக் காட்டி, நிமிர்ந்து நின்றாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

நான் சீப்பைப் பிடித்தேன். கை மார்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. காது உயரத்துக்கு வந்ததும் தழும்பு இருந்த இடம் வெட்டி வெட்டி இழுத்தது, முழங்கை நடுங்கியது. நுனிக்காலில் எழும்பினேன். சீப்பு அவள் பிடரியில் பட்டு, முடிக்குள் நுழைந்து, அங்கேயே நின்றது. இன்னும் ஒரு சாண் இருந்தது உச்சிக்கு.

"கொஞ்சம் குனியேன்க்கா," என்றாள் அம்மா.

பெரியம்மா குனியவில்லை. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை இன்னும் நேராக வைத்துக்கொண்டு நின்றாள். நடுங்கிக்கொண்டே என் கை அவள் நரைமுடியின் ஊடே மேலே ஊர்ந்துகொண்டிருந்தது.